வீடியோவுக்கு ஒரு இருமல்

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு நுரையீரல் பரிசோதனை முகாம் நடத்த, சென்னையில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் அறக்கட்டளையிடம் உதவி கேட்டிருந்தோம்.

இன்று அந்த வீட்டு மருமகள் கேமராக்காரரோடு பட்டறைக்கு வந்தார். மூக்கில் கைக்குட்டை. தூசி அவருக்கு ஆகாதாம்.

அங்கே வேலை செய்யும் செல்வி அக்காவிடம், "கொஞ்சம் இருமுங்க, வீடியோவுக்கு வேணும்" என்றார்.

"இப்ப வரலைங்க. ராவெல்லாம் வரும். எங்க வூட்டுல வந்து தங்கி எடுத்துக்கிறீங்களா?" என்றார் அக்கா.

மருமகள் என் பக்கம் திரும்பினார். "இவங்க கோஆபரேட் பண்ணலைன்னா ஃபண்டு கஷ்டம்."

"அப்ப வேணாங்க. போயிட்டு வாங்க" என்றேன்.

கார் கிளப்பிய புழுதியில் அக்காவுக்கு நிஜமாகவே இருமல் வந்தது. எடுக்கத்தான் ஆளில்லை.

முகாம் நடக்கும். கேமரா இல்லாமல் வரக்கூடிய டாக்டர் யாரையாவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.