குறையில்லை என்று சொன்ன குருவம்மாள்

தாயில்பட்டியில் எங்கள் தெருவில் இருக்கும் குருவம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடம் பட்டாசுக் கம்பெனியில் வெடிகளுக்குத் திரி சொருகினார். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே நடந்த விபத்தில் இரண்டு கைகளும் வெந்துபோயின. புண் ஆறியபோது பத்து விரல்களும் உள்ளங்கையோடு மடங்கி நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள், தோல் ஒட்டினார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கையால் சோற்றை எப்படிப் பிசைவது என்று யாரும் சொல்லவில்லை.

அதைப் பழக்கத்தான் ஓவியா வந்தார். அவர் படித்தது ஆக்குபேஷனல் தெரபி. சாப்பிட, சேலை கட்ட, தலை வார, முடிந்தால் வேலைக்கே திரும்ப, கெட்டுப்போன கையைப் பழக்குகிற படிப்பு அது. ஒரு அறக்கட்டளை அவரைப் புதன்கிழமைதோறும் அனுப்பியது. அந்த ஏற்பாடு ஏப்ரலோடு முடிகிறது. இதுவரை பத்தில் நான்கு விரல்கள் நிமிர்ந்திருக்கின்றன.

அரசு ஆஸ்பத்திரியில் இதற்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்று ஓவியா மனு எழுதினார். சூலக்கரை கலெக்டர் அலுவலகத்தில், புதுப் பணியிடம் சென்னையில் முடிவாகிற விஷயம், எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் பேசினால்தான் நடக்கும் என்றார்கள். எம்.எல்.ஏ. பத்து நிமிடம் ஒதுக்கினார். கையை நேரில் காட்டுவதற்காக ஓவியா குருவம்மாளையும் கூட்டிப்போனார்.

எம்.எல்.ஏ. மனுவை முழுதாகப் படித்தார். ஓவியா அதை எதிர்பார்க்கவில்லை. பிறகு அவர் குருவம்மாளைப் பார்த்து, "கையில கஷ்டம் ஏதும் இருக்காம்மா?" என்று கேட்டார்.

குருவம்மாள் எழுந்து நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஒரு குறையும் இல்லைங்கய்யா."

சந்தோஷம் என்றார் எம்.எல்.ஏ. மனு ஃபைலுக்குள் போனது.

திரும்பும் பஸ் வெம்பக்கோட்டையைத் தாண்டியது. ஏன் அக்கா அப்படிச் சொன்னீர்கள் என்று ஓவியா கேட்டார். கம்பெனிக்கு யார் சோதனைக்கு வந்தாலும் ஃபோர்மேன் பின்னால் நிற்பார், இதைத்தான் சொல்ல வேண்டும் என்று குருவம்மாள் விளக்கினார். "வெள்ளச் சட்டையப் பாத்ததும் வாயில அதான் வந்துச்சு தாயி." விரலை நிமிர்த்தத் தனக்குத் தெரியும், இந்தப் பழக்கத்தை நிமிர்த்தத் தன் படிப்பில் ஒன்றும் இல்லை என்றார் ஓவியா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குருவம்மாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க வராது என்பதால் முழங்கையைக் கோத்துக்கொண்டு நின்றார். எம்.எல்.ஏ. அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் வரிசை.

எம்.எல்.ஏ.வுக்கு அவரை நினைவிருந்தது. "அன்னைக்குக் குறையில்லைன்னீகளே?"

"அது பொய்ங்கய்யா."

"இன்னைக்குச் சொல்றது?"

"இன்னைக்கு என்னைய யாரும் கூட்டிட்டு வரலைங்கய்யா. நானா வந்திருக்கேன்." கைகளை மேசைமேல் வைத்தார். "சோறு பிசைஞ்சிருவேன். மகளுக்குச் சடை போட வரல. குடம் தூக்க வரல. அந்தப் பிள்ள ஏப்ரலோட போயிருவா. இன்னும் ஆறு விரலு பாக்கி இருக்கு."

எம்.எல்.ஏ. மடங்கிய விரல்களை எண்ணிப் பார்த்தார். பிறகு உதவியாளரிடம் ஃபைலை எடுக்கச் சொன்னார்.

ஏப்ரல் முதல் வாரம், மருத்துவத் துறை மானியக் கோரிக்கை மீதான சட்டமன்ற விவாதத்தில் எம்.எல்.ஏ. பேசினார். ஆறு விரல் என்பதையும் சொன்னார். பரிசீலிக்கப்படும் என்று அமைச்சரிடமிருந்து பதில் வந்தது. குருவம்மாள் அந்த வீடியோவை ஓவியாவின் போனில் இரண்டு தடவை பார்த்துவிட்டு, அப்படியென்றால் வரும் என்று அர்த்தமா, வராது என்று அர்த்தமா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றார் ஓவியா.

இன்னும் மூன்று புதன்கிழமைகள் இருக்கின்றன. வலது கட்டைவிரலை முதலில் முடித்துவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.