மொத்தமா வேணாம், மாசாமாசம்

இரவு டாக்ஸி ஓட்டுவதில் ஒரே ஒரு வசதி, பகலில் கோர்ட்டுக்குப் போக யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. மனைவியைப் பிரிந்து ஜீவனாம்சம் கட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

இலவச ஆலோசனை

கேஸ் வந்த புதிதில் எனக்கு ஒன்றும் தெரியாது. பழைய புத்தகக் கடையில் ஒரு சட்டப் புத்தகம் வாங்கி, சவாரிக்கு நடுவில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு காலை, சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு வக்கீல் ஏறினார். விடவில்லை. "சார், விவாகரத்தே ஆகல. தனித்தனியா இருக்கோம், அவ்ளோதான். இதுக்கும் கட்டணுமா?"

நியாயமான காரணத்தோடு பிரிந்திருக்கும் மனைவிக்குப் பிழைக்க வழியில்லையென்றால் கட்டத்தான் வேண்டும், அவளுக்கு வருமானம் வந்தால் குறைக்கச் சொல்லி மனுப் போடலாம் என்று விளக்கினார். இறங்கும்போது கும்பிட்டேன். "ஃபீஸ் வேணாம்ப்பா. அடுத்த தடவையாவது ஏ.சி.யப் போடு."

சேகரின் யோசனை

தாம்பரம் ஸ்டேஷன் எதிரில் என்னோடு வண்டி போடுகிறவன் சேகர். "இன்னா மச்சான், மாசாமாசம் கட்டிக்கினு கீற? மொத்தமா ஒரு தொகைய குட்த்து டைவர்ஸ் வாங்கிக்கினு போய்க்கினே இரு."

அப்படியும் வழி உண்டு என்று புத்தகத்திலேயே இருந்தது. பணமில்லை என்றேன். பொய்யில்லை, முழு உண்மையுமில்லை. ஐந்தாம் தேதி பணம் அனுப்பினால், என் மனைவி கவிதாவிடமிருந்து "வந்துடுச்சு" என்று ஒரு வார்த்தை மெசேஜ் வரும். அவளிடமிருந்து எனக்கு வருவது அது ஒன்றுதான். மொத்தமாகக் கொடுத்தால் அதுவும் ஒரே தடவையோடு போய்விடும். இதைச் சொன்னதும் சேகர் என்னையே பார்த்தான். "டேய், நீங்க பிரிஞ்சிட்டீங்கன்னு உனக்கு யாராச்சும் சொன்னாங்களா, இல்லியா?"

கவிதாவின் போன்

போன மாதம் அவளே கூப்பிட்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவை. வண்டலூர் தாண்டி ஓரங்கட்டிவிட்டுத்தான் எடுத்தேன்.

"செம்பாக்கத்துல ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேலை கிடைச்சிருக்கு. இனிமே அனுப்ப வேணாம்."

நீங்களாக இருந்தால் லட்டு வாங்கியிருப்பீர்கள். நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். கோர்ட் உத்தரவு இருக்கிறது, அது மாறும்வரை கட்டியே ஆக வேண்டும், மாற்ற மனுப் போட வேண்டும், அதை நான் போடுவதாக இல்லை.

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"சேர்ந்திருந்த பன்னெண்டு வருஷத்துல, ஒரு வருஷமாவது இப்படித் தேதி தவறாம குடுத்திருந்தீங்கன்னா, இந்தச் சட்டமெல்லாம் நீங்க படிச்சிருக்கவே வேணாம்."

மனைவிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லிவிடுகிறது, அவள் வேண்டாமென்ற பிறகும் கொடுக்க ஆசைப்படுகிறவன் யாரிடம் மனுப் போடுவது என்றுதான் எந்தப் பக்கத்திலும் காணோம்.