மணலில் நீந்தும் கடல்

எண்பதுகளில் மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் படகில் அவரைச் சில வாரங்கள் பார்த்தேன். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர். வெயிலில் கறுத்த கழுத்து, மடிப்புக் கலையாத சட்டை. படகு கிளம்பியதும் குனிந்து காயலின் உப்பு நீரைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வார்.

ஒருநாள் ஏன் என்று கேட்டுவிட்டேன்.

"அங்க ரூம்ல பகடை உருட்டி ஒரு கதை விளையாட்டு உண்டு சேட்டா. நாங்க பாலைவனத்துல போற வீரன்மார். வழியில வர்ற பூதத்தை ஆளுக்கொண்ணு உண்டாக்கணும். நான் கடல்பூதம் உண்டாக்கினேன்."

"பாலைவனத்துலயா?"

"வத்திப்போன கடலோட பேய். மணலுக்கடியில திமிங்கிலம் மாதிரி நீந்தும், கண்ணுக்குத் தெரியாது. திடீர்னு உதடு உப்புக் கரிக்கும், காயல் வாசனை வரும். அது பின்னாலேயே நடந்து போனவன் திரும்ப மாட்டான்."

"தப்பிக்க வழியே இல்லையா?"

"ஊருக்கு டிக்கெட் கையில இருக்கறவனை அது தொடாது."

"அப்போ நீங்க தப்பிச்சாச்சு."

அவர் மறுபடி நீரைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"அங்க விளையாடறப்ப நாக்குல வந்த அந்த ருசி இதுல இல்ல சேட்டா. வந்த நாள்லேர்ந்து தேடறேன்."

விடுமுறை முடிந்து அவர் போய்விட்டார். நான் ஊரைவிட்டு எங்கும் போனதில்லை. ஒருநாள் யாரும் பார்க்காதபோது குனிந்து நீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. அவ்வளவுதான்.