அக்கா வீட்டு மாடியில் ஒரு பெட்டி

அரியலூர் பக்கம் வாக்கப்பட்ட என் அக்கா வீட்டு மொட்டை மாடியில், காற்றிலுள்ள தூசியை அளக்கும் பெட்டியை மாட்டியவன் நான்தான். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். பெரம்பலூரில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே, நண்பர்கள் சிலரோடு சேர்ந்து சுற்றுவட்டார ஊர்களில் இப்படிப் பெட்டிகள் மாட்டினேன். அது அளப்பது நேராக என் போனுக்கு வரும். தினமும் காலையில் அந்தந்த ஊர் வாட்ஸ்அப் குழுவில் நிறத்தைப் போடுவேன். பச்சை என்றால் காற்று நல்லது. சிவப்பு என்றால் மூச்சு நோய்க்காரர்கள் வெளியே வர வேண்டாம்.

அக்கா வீட்டில் மாட்டியதற்குக் காரணம் மாமா, அக்காவின் வீட்டுக்காரர். வாசலுக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடும் ரோடு. அவருக்கோ இளைப்பு. தூசி அதிகமான நாளில் வெளியே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் டீக்கடை பெஞ்சில் நாலு பேரோடு பேசாவிட்டால் மாமாவுக்குத் தொண்டையில் டீ இறங்காது. அதனால் என் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். பச்சை என்றால் "கிளம்பிட்டேன் மாப்ள" என்று எனக்கு ஒரு செய்தி வரும்.

மாட்டிய அன்று அக்காவிடம், விலை கூடின பொருள், பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டு விளக்கிய பெரிய மனுஷன், கூடப்பிறந்தவளை உட்காரவைத்து இது எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு வார்த்தை சொல்லவில்லை. அக்காதானே என்ற அலட்சியம்.

மற்ற ஊர்ப் பெட்டிகள் மஞ்சளுக்கும் சிவப்புக்குமாக அல்லாடியபோது அக்கா வீடு மட்டும் பச்சையாகவே இருந்தது. லாரி ரோட்டோரத்தில் எப்படி இது என்று ஒரு நண்பர் கேட்டார். வீட்டைச் சுற்றி வேம்பும் புங்கையும் நிற்கிறது சார் என்று மரங்களுக்கு வக்காலத்து வாங்கினேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைச் சந்தேகப்பட மனசு வரவில்லை.

அப்படி ஒரு பச்சை நாளில்தான் மாமா டீக்கடையிலிருந்து மூச்சுத் திணறி வந்தார். நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஐந்தாம் நாள் உடலைத்தான் கொண்டுவந்தோம்.

கருமாதியன்று பந்தல் கயிற்றை இழுத்துக் கட்ட மாடிக்கு ஏறினேன். பெட்டிக்கு உறை போட்டிருந்தது. அக்காவின் பழைய நூல் புடவையைக் கிழித்து, நாடா வைத்துத் தைத்த உறை. தொட்டால் ஈரம். ரோட்டைப் பார்த்த பக்கம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. அந்த வீட்டில் டிவிக்கு உறை உண்டு, மிக்சிக்கு உறை உண்டு, தையல் மெஷினுக்கும் உண்டு. விருந்தாள் வந்தால் எடுத்துவிடுவாள். நான் எப்போது போனாலும் முதல் நாளே போன் பண்ணிவிட்டுப் போகிறவன்.

உறையைக் கழற்றும்போது அக்கா படியேறி வந்தாள்.

"அத ஏன்டா எடுக்குற? லாரி வர்ற நேரம். மொத நாள்லேர்ந்து நனைச்சு நனைச்சுப் போடுறேன். ஒரு பொட்டு தூசி உள்ள வுடல."

தூசியை அளக்க வைத்த பெட்டிக்குள் தூசி போகாமல் காவல் காத்திருக்கிறாள். என் பொருள் என்பதற்காக. அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. இனி உறை வேண்டாம்க்கா, இது எதையும் தாங்கும் என்றேன். துணியை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை அந்த ஊர் சிவப்பானது. இன்று வரை அது பச்சைக்குத் திரும்பவில்லை.

அளந்ததை மறைக்காதீர்கள், மக்களுக்குச் சொல்லுங்கள் என்று அரசு ஆபீஸ் ஆபீசாக மனு கொடுத்தவன் நான். "இந்த ஊருக்கு நான் போட்ட பழைய பச்சைகள் எல்லாம் தப்பு, பிசகு என்னுடையது" என்று எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. மாமாவின் போன் இப்போது அக்காவிடம் இருக்கிறது. குழுவில் வருவதை ஒன்றுவிடாமல் படிக்கிறாள். படித்தால், ஏன் தப்பு என்று முதலில் என்னைத்தான் கேட்பாள்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். தினமும் சிவப்பாகவே வருகிறதே என்று வருத்தப்பட்டாள். பிறகு சொன்னாள்:

"நல்லவேளடா தம்பி. உங்க மாமா இருந்த வரைக்கும் காத்து நல்லா இருந்துச்சு."

ஆமாக்கா என்றேன்.