பிள்ளைத்தாச்சித் தூண்கள்

ஊர் முழுக்கப் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்த நாட்களில் என் அம்மா வீட்டு முகப்புக்கு இரண்டு தூண் கட்டத் தொடங்கினாள். துறைமுகத்துக்கு மேலே கடற்படைத் துரைமார் இருந்த பங்களாவின் தூண்களைப் போல, உருண்டையாய், வழுவழுப்பாய், பூவேலை ஒன்றும் இல்லாமல்.

கப்பல் திருத்தும் டொக்யாட்டில் கிளாக்கராக இருந்த அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

“தூண் எண்டால் கோயில் தூண். யாளி வேண்டாம், ஒரு தாமரையாவது வேணாமோ?”

“சாமி இருக்கிற இடத்துக்குத் தாமரை. நாங்கள் இருக்கிற இடத்துக்கு இது போதும்,” என்றாள் அம்மா.

அதோடு விட்டாளா? தூணின் இடுப்பு கொஞ்சம் பருத்திருக்க வேண்டுமாம். நேராகக் கட்டினால் தூரத்திலிருந்து பார்க்க நடுவில் மெலிந்து தெரியுமாம். சந்தைக்குப் போகும்போதெல்லாம் பங்களாவைப் பார்த்துப் பார்த்து அவளே கண்டுபிடித்தது அது. கட்ட வந்த மேசன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“தங்கச்சி, ஊர் சிரிக்கும். என்னால ஏலாது.”

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுண்ணாம்புச் சாந்தைத் தானே பூசினாள். ஊர் சிரிக்கத்தான் செய்தது. பிள்ளைத்தாச்சித் தூண் என்று பெயரும் வைத்தது.

பிறகு ஜப்பான்காரன் குண்டு போட்டான். அயலெல்லாம் வண்டி கட்டி ஓடியது. சாந்து வெடிக்காமல் இறுக வேண்டும் என்று, தூண்களுக்கு ஈரச்சாக்குச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டு அம்மா அசையாமல் நின்றாள். அவளை விட்டுப் போக மனமில்லாமல், திட்டிக்கொண்டே நாங்களும் நின்றோம்.

வெள்ளையடித்து முடிந்த ஒரு கிழமைக்குள், யுத்தச் சட்டப்படி படைக்கு வீடு எடுக்கவென்று ஒரு துரை வந்தார். வெறுமையாய்க் கிடந்த வீடுகளையெல்லாம் தாண்டி எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். தூணின் இடுப்பைத் தடவிப் பார்த்தார். யார் கட்டியது என்று இங்கிலீசில் கேட்டார். இத்தனை நாளும் பரிகசித்த அப்பா, “என்ர மனுசி” என்று தமிழிலேயே சொல்லி அம்மாவைக் காட்டினார். துரை தொப்பியைக் கழற்றினார். பிறகு, இந்த வீடுதான் வேண்டும் என்றார்.

மறுநாள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு நிலாவெளியில் மாமா வீட்டுக்குப் புறப்பட்டோம். அப்பா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அழுதுகொண்டே வந்தேன். வீதித் திருப்பத்தில் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, நடுவீதியில் நின்று, ஒரு கண்ணை மூடி வீட்டைப் பார்த்தாள்.

“நேராய்த்தான் தெரியுது,” என்றாள்.

அவள் முகம் மலர்ந்திருந்தது. வீட்டைப் பறிகொடுத்தவளுக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று, நிலாவெளி போய்ச் சேரும்வரை நான் அவளோடு கதைக்கவேயில்லை.