மலை ஏறிய தையல் மெஷின்

இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் முதல்முறை உறுமியபோது தெருவே எட்டிப் பார்த்தது. எதிர்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் கையில் கிளிப்போடு அப்படியே நின்றுவிட்டார். அப்பா விட்டுப்போன வண்டி என்பதால், உரிமையாளரான பல் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சத்தம்னா இது சத்தம்!" என்றார்.

பட்டறைக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரிய பட்டறை ஒன்றில் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஷட்டர் திறந்தபின் அவள் பிரித்துப் பூட்டிய முதல் இன்ஜின் அது. பழைய கார்களுக்கான மலையேற்றப் போட்டியில் டாக்டர் அதை ஓட்டப் போகிறார். நன்றாக ஏறினால் அடுத்த வண்டி தானாக வாசலுக்கு வரும். பாதியில் நின்றால், பொம்பளை கை வைத்த இன்ஜின் என்று அவளுடைய பழைய முதலாளி சொல்லிச் சொல்லியே கடையை மூட வைத்துவிடுவார்.

அவள் போட்டிருந்தது ரேஸ் கேம்ஷாஃப்ட். வால்வு எப்போது திறக்கவேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்பதை முடிவு செய்யும் தண்டு அது. திறந்த வால்வு பிஸ்டனில் இடிக்குமோ என்று, அண்ணன் மகளின் விளையாட்டுக் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பி, இன்ஜினைக் கையால் சுழற்றி, பதிந்த பள்ளத்தை வெட்டி அளந்துகூடப் பார்த்திருந்தாள். இடைவெளி தாராளமாக இருந்தது. ஆனாலும் சிக்னலில் நின்றால் வண்டி இருமியது. அது அவளை உறுத்தியது.

ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டும் அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போட்டி நடக்கும் மலைச்சாலைக்கே போனாள்.

"வளைவு திரும்பி நான் மிதிக்கிறப்போ, இன்ஜின் சுத்து காட்டுற அந்த முள்ளு எங்க நிக்குதுன்னு கத்துண்ணா."

"வயித்தப் பிடிக்கவா, முள்ளப் பாக்கவா?"

"முள்ளப் பாரு. வயிறு எங்கயும் ஓடிடாது."

"ரெண்டாயிரத்து ஐநூறு!" என்று கத்தினான். அடுத்த வளைவில், "அதேதான்!" அதற்கடுத்ததில், "இன்னும் கீழ போயிடுச்சும்மா!"

ரேஸ் கேம் கண் விழிப்பதே நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு மேல்தான். இங்கே முள் அதைத் தொடுவதற்குள் அடுத்த கொண்டை ஊசி வளைவு வந்து நின்றது. தூக்கத்தில் எழுப்பிய பிள்ளைபோல ஒவ்வொரு முறையும் சிணுங்கிவிட்டுத்தான் வண்டி கிளம்பியது.

"சத்தத்துல மயங்கிட்டேண்ணா," என்றாள். "ரோட்டப் பாக்காமலே கேம் வாங்கிட்டேன்."

யாரையும் குறை சொல்லாமல் இன்ஜினை மறுபடி திறந்தாள். கீழ்ச்சுற்றிலேயே இழுக்கும் சாந்தமான கேம் ஒன்றை மாட்டி, தண்டு சுழலும் கோணத்தைக் காட்டும் பாகைத் தட்டு வைத்து, வால்வு திறக்கும் இடத்தைத் தனக்குத் திருப்தியாகும்வரை சரிபார்த்தாள்.

டாக்டர் வந்து புதுச் சத்தத்தைக் கேட்டார். முகம் தொங்கிப்போயிற்று.

"என்னம்மா, தையல் மெஷின் மாதிரி இருக்கு? என் உறுமல் எங்க?"

"உறுமல் கீழ நின்னு வேடிக்கை பாக்கிறவங்களுக்கு, டாக்டர். நீங்க மேல போகணும்."

"போகலைன்னா?"

"கடையப் பூட்டிட்டு அண்ணனோட ரொட்டி வண்டியில ஏறிடறேன்."

போட்டியன்று பழைய முதலாளியும் வந்திருந்தார், தான் தயார்படுத்திய நீல வண்டியோடு. அது உறுமிய உறுமலில் கூட்டம் கைதட்டியது. சிவப்பு வண்டி பக்கத்தில் வந்து நின்றதும் அவர் காதைத் தடவிக்கொண்டார்.

"என்னம்மா, துணி தைக்கவா வந்திருக்க?"

நீல வண்டி முதலில் கிளம்பியது. முதல் வளைவில் திணறியது, சுதாரித்தது, அடுத்ததில் மறுபடி திணறியது. அவள் கைத்துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

பிறகு சிவப்பு. வளைவுக்குள் மறையும், சத்தம் அறுபடாமல் மறுபக்கம் சீறி வெளியே வரும்.

"வந்துட்டாரு! இதோ, இதுலயும் வந்துட்டாரு!" வேன் கூரைமேல் ஏறி நின்று கத்தினான் அண்ணன். அந்தப் பிரிவில் சிவப்பு வண்டிதான் முதல் என்று ஒலிபெருக்கி சொன்னபோது, கீழே குதித்து, யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

டாக்டர் திரும்பி வந்தார். வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"இன்னொரு தடவ ஏற விடுவாங்களான்னு கேளும்மா!"

பழைய முதலாளி வந்தார். பானெட்டில் காது வைக்காத குறையாகக் குனிந்து, அந்தச் சின்னச் சத்தத்தை வெகுநேரம் கேட்டார்.

"திங்கக்கிழமை கடை தொறந்திருக்குமாம்மா?"

அவள் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"இருக்கும் சார். ஆனா வரிசையிலதான் வரணும்."