சுருட்டி வைத்திருந்த குழாய்

அன்று மதியம் என் கணவர் கிம்சுய் நன்றாகவே இருந்தார். சர்க்கரைவள்ளிக் கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டு, உப்பில்லை என்று என்னைத் திட்டினார். கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பையைத் தட்டி, "என் கைப்பை நிறைஞ்சிருச்சு பாரு" என்றார். அதைக் காலி செய்து மாட்டிவிட்டு நிமிர்ந்தேன். மூச்சு இல்லை.

இதற்குப் பின் நடந்தது கனவல்ல. பட்டப்பகல். நான் விழித்திருந்தேன். கூட இன்னொருவரும் இருந்தார்.

எங்கள் தைவான் கடலோரத்தில், இறந்தவர் உடம்பில் குழாயோ ஊசியோ இருக்கக்கூடாது. இருந்தால் போகிற இடத்திலும் நோயாளிதான். முதுகெலும்பு முறிந்து மூன்று வருடம் மூத்திரக் குழாயோடு கிடந்தவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "போறப்ப இதைக் கழட்டி அனுப்பு."

வெளியே புயல். வீட்டுக்கு வந்து குழாய் மாற்றும் நர்ஸ் சூஃபென்னை போனில் பிடித்தேன்.

"ரோடெல்லாம் தண்ணி, அக்கா. நாளைக்குத்தான் வர முடியும். நீங்க இழுத்துடாதீங்க! உள்ள தண்ணி நிரப்பின பலூன் இருக்கு. சிரிஞ்ச் வச்சு அந்தத் தண்ணிய எடுக்காம இழுத்தா உள்சதை கிழிஞ்சிரும்."

வீட்டில் சிரிஞ்ச் இல்லை.

கூட இருந்த கிம்சுய்யின் அண்ணன் தியாம்ஹோக்குக்குப் பொறுக்கவில்லை. உடம்பு விறைப்பதற்குள் உடை மாற்றியாக வேண்டும். "தம்பி பொறக்கும்போது வால் இல்லம்மா. இப்ப வாலோடயா அனுப்பப்போற?"

"கிழிச்சு அனுப்பச் சொல்றீங்களா அத்தான்?"



கிம்சுய்யின் கைகளை வயிற்றின்மேல் சேர்த்து வைத்தேன். கழுத்துவரை போர்த்தினேன். காதருகே குனிந்து, "நாளைக்கு வந்துருவா. ஒரு ராத்திரி பொறுத்துக்குங்க" என்றேன்.

முன்கதவு பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. நானும் அத்தானும் ஓடிப்போய் முட்டுக் கொடுத்தோம். மூன்றேகால் மணி. மின்சாரம் போனது.

உள்ளே... டக்.

பை மாட்டும் கொக்கியின் சத்தம். மூன்று வருடமாகக் கேட்ட சத்தம்.

"காத்தும்மா," என்றார் அத்தான். கதவை விட்டு நகரவில்லை.

டக்.

பிறகு ஒரு பெருமூச்சு... வலி விட்டவர் விடுகிற மூச்சு.

ஓடினேன்.

போர்வை கலையவில்லை. கைகள் வைத்த இடத்திலேயே இருந்தன.

பை இல்லை.

தரையில்... பையும் குழாயும். குழாய் வட்டவட்டமாகச் சுருட்டியிருந்தது. மீன்குளத்தில் வேலை முடிந்ததும் ரப்பர் குழாயை அவர் அப்படித்தான் சுருட்டுவார்.

தொட்டேன்.

இளஞ்சூடு.

மறுநாள் காலை சூஃபென் வந்தாள். குழாயைக் கையில் எடுத்து நுனியைத் திருப்பிப் பார்த்தாள்.

"யாருக்கா இழுத்தது?"

"யாரும் தொடல."

"பொய் சொல்லாதீங்க. பலூன் இன்னும் ஊதினபடியே இருக்கு... எலுமிச்சம்பிஞ்சு மாதிரி!"

டார்ச் அடித்து உடம்பைப் பார்த்தாள். நேரம் எடுத்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

பிறகு குழாயின் மறுமுனையில் சிரிஞ்சைச் செருகி, பலூனில் இருந்த தண்ணீரை உறிஞ்சி எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"போன வாரம் நான் போட்டது பத்து மில்லி."

"இப்ப?"

காட்டினாள்.

பத்து.